கயிறு இல்லாத லிஃப்ட்

ஜனவரி 12

என் அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? அத்தான் எப்படி இருக்கிறார்? உன் தையல் மிஷின் எப்படி இருக்கிறது? மூன்று பேரையும் நான் விசாரித்ததாக மூன்று பேரிடமும் சொல்லிவிடு. நான் இங்கே நலம் என்று எழுத வேண்டியது முறை, எழுதிவிட்டேன். உள்ளபடி சொன்னால் ஆடிப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வளாகத்தில் கைப்பேசியை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். தங்கும் அறையும் உள்ளேயேதான். ரகசியம் வெளியே போய்விடுமாம். ஆகவே இனி நமக்குக் கடிதம்தான் கதி.

பேப்பரிலிருந்து ஒரு விளம்பரம் வெட்டி என் மூக்குக்கு நேரே ஆட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? “பறக்கும் வண்டி தயாரிக்கும் நிறுவனத்தின் லிஃப்ட் பிரிவுக்கு நீண்ட அனுபவம் உள்ளவர் தேவை.” நீ என்ன சொன்னாய்? “பெரிய கம்பெனிடா, பெரிய கட்டடம் இருக்கும், அதுல லிஃப்ட் இருக்கும், அது அப்பப்ப மாட்டிக்கும். கிளம்பு!” நானும் கிளம்பினேன். வேலை போனதிலிருந்து உன் ஒன்பதாவது மாடி வீட்டு சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன், அந்தச் சுவருக்கே சலித்துப்போன பிறகு எழுந்து வந்தேன்.

நேர்காணலில் மூன்று பேர். நடுவில் தலைமைப் பொறியாளர் அம்மா. ஆறடிக்கு மேல் உயரம். எல்லாரும் முதுகுக்குப் பின்னால் ‘கோபுரம்’ என்கிறார்கள்.

“லிஃப்ட்ல எத்தனை வருஷ அனுபவம்?”

“இருபத்திரண்டு வருஷம் மேடம்.”

“செங்குத்தாவா?”

“செங்குத்தா மட்டும்தான் மேடம். பக்கவாட்டுல போனா உள்ள இருக்கறவங்க கதி என்ன ஆகறது?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அதிகபட்சம் எவ்வளவு எடை தூக்கியிருக்கீங்க?”

“பதிமூணு பேர். ஒரு தடவை ஒரு பியானோவும் அதை வாசிக்கற அம்மாவும். ரெண்டும் ஒரே கனம்.”

“விபத்து ஏதாவது?”

“என் கை பட்டது எதுவும் கீழ விழுந்ததில்ல மேடம்.”

கோபுரம் எழுந்து நின்று கை கொடுத்தார். எழுந்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறுநாள் உள்ளே போய்ப் பார்க்கிறேன், இங்கே எல்லாக் கட்டடமும் ஒற்றைத் தளம். லிஃப்டே கிடையாது! பெரிய கொட்டகை ஒன்றுக்குள் வயிறு உப்பிய வண்டு மாதிரி ஒரு வண்டி நின்றது. தலையைச் சுற்றி எட்டு விசிறிகள். “இதுதான், இனிமே இதோட லிஃப்ட் உங்க பொறுப்பு” என்றார் கோபுரம். நான் அண்ணாந்து பார்த்து, “கயிறு எங்க மேடம்?” என்று கேட்டுவிட்டேன். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. நான் தமாஷ் பேர்வழி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அக்கா, இவர்கள் சொல்லும் லிஃப்ட் வேறு. காற்றில் எழும்பும் விசையாம் அது. உண்மையைச் சொல்லிவிடட்டுமா? சொன்னால் மறுபடியும் உன் சோபா, மறுபடியும் அந்தச் சுவர். சீக்கிரம் பதில் போடு.

பயத்தில் வியர்க்கும்,
உன் தம்பி


பிப்ரவரி 9

அருமைத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இரண்டு பேரும் சுகம், மிஷினும் சுகம். பதில் தாமதமாகிவிட்டது. துணிக்கடைக்காரர் காலர் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனது கழுத்துவரை நிற்கிறது. கையெழுத்து கோணினால் திட்டாதே, படுத்துக்கொண்டு எழுதுகிறேன். சோம்பலும் ஒரு சுகம்தான் என்று உன்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன் அது இது என்று ஆரம்பிக்காதே. நீ பொய்யா சொன்னாய்? கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னாய். அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டதற்கு நீ என்ன செய்வாய்? இருந்து கற்றுக்கொள். உன் அத்தான் பஸ் ஓட்டப் போன அன்று எது பிரேக், எது கிளட்ச் என்று தெரியாமல்தான் போனார். இன்றைக்கும் அவருக்குச் சந்தேகம் உண்டு.

ஊர்க்கதை சொல்கிறேன். தபால்காரருக்கு உச்சந்தலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வழுக்கை விழுந்திருக்கிறது. அவர் வீட்டுக்காரிக்குக்கூட இன்னும் தெரிந்திருக்காது. தரைத்தளத்துப் பல் டாக்டரம்மா தலைக்குச் சாயம் போட ஆரம்பித்திருக்கிறார். வகிட்டை மட்டும் விட்டுவிட்டார், புது ரோட்டில் கோடு போட்ட மாதிரி பளீரென்று தெரிகிறது. ஏழாவது மாடிக்காரரும் அவர் சம்சாரமும் சண்டை. மழையில் அந்த அம்மா குடை முழுவதையும் தன் பக்கமே வைத்துக்கொண்டு போகிறார். குடைக்கு வெளியே அவருடைய ஒரு தோள் மட்டும் நனைந்துகொண்டு போகிறது.

அத்தான் நன்றாக இளைத்துவிட்டார். நல்லதுதானே. சாப்பாட்டில் கவனமாக இரு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

அத்தான் இளைத்தார் என்று படித்ததும் என் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அவர் விட்டது எல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

ஒருவழியாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கே காற்றுச் சுரங்கம் என்று ஒரு கூடம் இருக்கிறது. வண்டியின் சின்ன பொம்மையை நிறுத்தி, எதிரே புயல் மாதிரி காற்றை விடுவார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் ‘காற்றுக்காரி’ என்றுதான் கூப்பிடுகிறோம். அவளிடம் போய்ப் பரீட்சை வைக்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்: “எங்க, லிஃப்டுன்னா என்னன்னு சாதாரண ஜனங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க பாப்போம்.”

“காத்தைக் கீழ தள்ளினா காத்து நம்மள மேல தள்ளும் சார். இறக்கை பண்றதும் அதான், விசிறி பண்றதும் அதான். பூமி இழுக்கறதைவிட நாம தள்ளறது கூடுதலா இருந்தா ஏறுவோம். சமமா இருந்தா அந்தரத்துல நிப்போம். குறைஞ்சா...”

“குறைஞ்சா?”

“இறங்குவோம். நாம நினைச்சதைவிடச் சீக்கிரமா.”

“பரவாயில்லை, பாஸ் பண்ணிட்டீங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து குறித்துக்கொண்டேன்.

நம் லிஃப்ட் எவ்வளவு நல்ல பிள்ளை, அக்கா! ஆள் மேலே போகும்போது மறுமுனையில் ஓர் எதிர் எடை கீழே இறங்கும். பாதி வேலையைப் பூமியே செய்துகொடுத்துவிடும். இந்த வண்டிக்கு அப்படித் துணை யாரும் இல்லை. என்னைப் போல ஒண்டிக்கட்டை. முழு பாரத்தையும் தானே தூக்கிக்கொண்டு சாக வேண்டும். அதனால்தான் பேட்டரி கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோகிறது.

“விசிறி நின்னா?” என்று கேட்டேன்.

“ரெண்டு மூணு நின்னாலும் மீதி இறக்கிடும்.”

“எல்லாம் நின்னா?”

“பாராசூட்.”

“அது விரியலன்னா?”

“பூமி இருக்கு சார். பிடிச்சுக்கும்.”

இந்தக் காலத்துப் பெண்களுக்கு இரக்கமே கிடையாது.

உங்கள் தெருமுனையில் கடைவீதி திறக்கப்போகிறார்கள் என்றார்களே, திறந்தாயிற்றா? போய் வந்தாயா? நம் கட்டடத்து லிஃப்ட் எப்படி இருக்கிறது? என்னை அனுப்பிவிட்டு அந்தப் புது ஆட்களிடம் கொடுத்தார்களே, எண்ணெயாவது போடுகிறார்களா?

கேள்விகளோடு,
தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

சௌக்கியம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

கடைவீதி திறந்தாயிற்று. வரிசையாகக் கூடாரம். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வெட்டிப் போட்ட துணித்துண்டுகள் மாதிரி அழகாக இருக்கிறது. காலையில் பார்த்தால் கூடாரங்களுக்கு நடுவே கூடைகள் தானாக நடந்து போகிற மாதிரி இருக்கும். அடியில் ஆட்கள் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். எது நல்ல கடை என்று அத்தானைக் கேட்டால் சொல்வார்.

அந்தக் காற்றுக்காரிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? உனக்காகக் கேட்கவில்லை, பயப்படாதே. அப்படிப் பேசுகிற பெண்ணைக் கட்டியவன் எப்படி இருப்பான் என்று ஒரு ஆசை.

தபால்காரரின் பொத்தான் இப்போது மூடி அளவுக்கு வளர்ந்துவிட்டது. பல் டாக்டரம்மா வகிட்டை மாற்றிவிட்டார். யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

வேலையில் கவனம். உன் கடிதங்களை அத்தானுக்குப் படித்துக் காட்டுகிறேன். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்குகிறார். இப்போதெல்லாம் அவருக்கு அடிக்கடி மூச்சு வாங்குகிறது.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

இன்றைக்கு நலம் விசாரிக்கப் போவதில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நேற்று என்னை ஏற்றிவிட்டார்கள். “லிஃப்ட் பிரிவுத் தலைவர் ஏறாம வேற யார் ஏறறது?” என்றார் கோபுரம். முதலில் எடை பார்த்தார்கள். எடை மேடையில் ஏறும்போது பக்கத்தில் இருந்த கம்பியைச் சும்மா ஒரு மரியாதைக்குப் பிடித்துக்கொண்டேன். முள் கருணையோடு நின்றது. பிறகு வண்டிக்குள் உட்காரவைத்துக் கட்டினார்கள். ஓட்டுகிறவர் பெயர் கல்லுளிமங்கன். பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் அடுத்த மாதம் வந்துவிடும் என்று நாங்கள் வைத்தது.

“விழாதே?” என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

எட்டு விசிறியும் சுற்றின. சொன்னால் நம்பமாட்டாய், நான் மேலே போய்விட்டேன், என் வயிறு தரையிலேயே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது வந்து சேர்ந்தது. காலுக்குக் கீழேயும் கண்ணாடி. கயிறு கிடையாது, தண்டவாளம் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் கயிற்றை நம்பிப் பிழைத்தவனை வெறும் காற்று தாங்குகிறது!

அந்தரத்தில் வண்டி நின்றது. கல்லுளிமங்கன் வாய் திறந்து, “ஒம்போது மாடி உயரம்” என்றார்.

குனிந்து பார்த்தேன். கொட்டகை வாசலில் எல்லாரும் நின்றார்கள். கோபுரமும் காற்றுக்காரியும் ஒரே உயரம். முகமே தெரியவில்லை. வகிடு தெரிந்தது. ஒருவருக்கு உச்சியில் பொத்தான் அளவு வழுக்கை தெரிந்தது. பக்கத்தில் ஒரு குடை, குடைக்கு வெளியே ஒரு தோள்.

இதை எங்கேயோ படித்திருக்கிறேனே என்று நினைத்தேன்.

இறங்கியதும் நேரே அறைக்குப் போய் உன் கடிதங்களை எடுத்துப் பரப்பினேன். அக்கா, நான் கிளம்பி வந்ததிலிருந்து உன் கடிதத்தில் ஒருத்தருக்குக்கூட முகம் இல்லை. மூக்கு இல்லை, பல் இல்லை, சிரிப்பு இல்லை. பல் டாக்டரம்மாவின் வகிடு மாறியது உனக்குத் தெரிகிறது, அவர் உன்னிடம் என்ன சொன்னார் என்பது இல்லை. கடைவீதிக்கே கூரைதான் இருக்கிறது. அத்தான் இளைக்கிறார், அத்தானுக்கு மூச்சு வாங்குகிறது. லிஃப்டைப் பற்றிக் கேட்டேன், அதற்கு மட்டும் பதில் இல்லை.

நீ கடைசியாக எப்போது தரையில் கால் வைத்தாய்?

தம்பி


மே 20

தம்பிக்கு,

ஒரு மாசமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். குப்பைக்கூடை நிறைந்துவிட்டது. அதையும் அத்தான்தான் சுமந்துகொண்டு இறங்க வேண்டும் என்பதால் நிறுத்திக்கொண்டேன்.

ஒன்பது மாடி ஏறினதும் மூளை வேலை செய்கிறதே உனக்கு! முன்பே ஏற்றியிருக்கலாம்.

சரி. லிஃப்ட் நின்றுவிட்டது. நீ போன கொஞ்ச நாளிலேயே. அதே சமயம் பார்த்து என் முழங்காலும் மக்கர் பண்ணிவிட்டது. ஒரு நாள் இறங்கிப் பார்த்தேன். ஏழாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தானும் அந்தக் குடைக்காரம்மாவும் சேர்ந்து ஸ்டூலில் உட்காரவைத்து மேலே தூக்கி வந்தார்கள். ஏற ஏற ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறந்தது. ஊர்வலம் போன மாதிரி ஆகிவிட்டது. அன்றோடு போதும் என்று இருந்துவிட்டேன். காலர் வருவதும் போவதும் அத்தான் தோளில்தான்.

லிஃப்டைச் சரிபண்ணக் கூட்டம் போட்டார்கள். கீழ் வீட்டுக்காரர்கள், “நாங்க ஏறறதே இல்லையே, எங்களுக்கு எதுக்கு லிஃப்ட்?” என்றார்களாம். மேல் வீட்டுக்காரர்கள், “அப்ப உங்க வாசல்ல தண்ணி நின்னா நாங்க எதுக்குக் கவலைப்படணும்?” என்றார்களாம். அந்தக் கூட்டமே கீழேதான் நடந்தது. நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாய். சரிபண்ணியும் இருப்பாய். அப்புறம்? உன் வேலை போயிருக்கும். நீ சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த நாட்களில், தைத்துக்கொண்டே உன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மறுபடியும் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. எனக்கு ஜன்னல் போதும்.

வந்துவிடாதே. உத்தரவு.

அக்கா


மே 28

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே கோபுரத்தின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “மேடம், நான் மாடிக்கு ஏறற லிஃப்ட் மெக்கானிக். பட்டன அமுக்கினா வர்ற லிஃப்ட். உங்க லிஃப்ட் எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது.”

குடிக்க எடுத்த தண்ணீரை மேஜையிலேயே கொட்டிவிட்டார். “அப்ப அந்த பியானோ?”

“நிஜம் மேடம். ரெண்டாவது மாடிக்கு.”

மேஜையைத் துடைத்தார். பிறகு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். அவ்வளவு உயரத்திலிருந்து வரும் சிரிப்பு கீழே வந்து சேரவே நேரமாகிறது. நான் உன்னைப் பற்றிச் சொன்னேன். ஜன்னலைப் பற்றி, ஸ்டூலைப் பற்றி. சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“மொட்டை மாடியிலேர்ந்து சாதாரண ஆள் ஒருத்தரை ஏத்திக்கிட்டுக் கீழ இறங்கி, திரும்பக் கொண்டுபோய் விடறதுதான் எங்களோட அடுத்த சோதனை. மாடிதான் தேடிட்டிருந்தோம். இப்ப எனக்கு ஒரே குழப்பம்தான். உங்களை வேலையிலேர்ந்து தூக்கறதா, உங்க அக்காவை மாடியிலேர்ந்து தூக்கறதா? எதை முதல்ல பண்றது?”

“அக்கா வயசுல மூத்தவ மேடம்.”

ஆகவே வருகிறோம். அடுத்த மாதம், அனுமதி எல்லாம் வாங்கிக்கொண்டு. நீ வீட்டிலிருந்து ஒரு மாடி ஏறி மொட்டை மாடிக்கு வந்தால் போதும். உன் எடையை எழுதி அனுப்பு. உள்ளதை எழுது. இது குடைக்காரம்மாவிடம் சொல்கிற எடை இல்லை, பூமியிடம் சொல்கிற எடை.

தம்பி


ஜூன் 5

தம்பி,

பைத்தியமாடா நீ? உங்கள் மேடமும் பைத்தியமா? படித்ததிலிருந்து கை கால் ஓடவில்லை. கால் முன்பே ஓடவில்லை, இப்போது கையும் சேர்ந்துகொண்டது. “போய்ட்டு வாயேன், பஸ்ல போற மாதிரிதானே” என்கிறார் உன் அத்தான். பஸ் கீழே விழுமா என்று கேட்டேன். “எங்க விழறது, அது ஏற்கெனவே கீழதானே இருக்கு” என்கிறார்.

அறுபத்திரண்டு கிலோ.

அக்கா


ஜூன் 19
தரைத்தளம், பல் டாக்டரம்மா வீடு

மேலே இருக்கும் தம்பிக்கு,

கீழே இருக்கும் அக்கா எழுதுவது. கைப்பேசியில் கூப்பிடாதே. நீ குறுக்கே பேசுவாய். நான் நிதானமாகச் சொல்ல வேண்டும். அத்தான் கடிதத்தை மேலே கொண்டுவருவார், பழகின ஆள்.

நேற்று நடந்தது இது. உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு படியாக மொட்டை மாடிக்கு ஏறினேன். அந்த வண்டு வந்து இறங்கின காற்றில் கொடியில் கிடந்த துணியெல்லாம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. நீ முன்னால், நான் பின்னால். விசிறி சுற்றுகிறது, சுற்றுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. எருமை முனகுகிற மாதிரி ஒரு சத்தம். அந்தப் பேசாத மனுஷர் திரும்பி நம் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாரே, அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது.

“எழுதிக் கொடுத்த எடை இது இல்ல” என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். நான் பன்னிரண்டு கிலோ மறைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். நீ எவ்வளவுடா மறைத்தாய்? ஒரு வயிற்றில் பிறந்ததற்கு வேறு அத்தாட்சியே வேண்டாம்.

நீ இறங்கினாய். உடனே வண்டி சிட்டாக எழும்பியது. எனக்குக் கத்தக்கூட நேரமில்லை. காலுக்குக் கீழே நம் தெரு. கூடாரங்கள் மேலே வந்தன, வந்துகொண்டே இருந்தன, அப்புறம் அதற்கு அடியில் ஜனங்கள். முகங்கள், தம்பி! எத்தனை மூக்கு! தபால்காரர் அண்ணாந்து வாயைப் பிளந்து நிற்கிறார், பல் டாக்டரம்மாவே கூசிப்போகிற பல்வரிசை. மைதானத்தில் இறங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். தரை சுட்டது. அப்படியே நின்றேன்.

திரும்ப மேலே கொண்டுவிடுவதாகத்தானே பேச்சு? முதலில் முனகினதிலேயே பேட்டரி தீர்ந்துவிட்டதாம். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பறக்கும் வண்டி லாரியில் போகிறது! இப்போது நான் கீழே, நீ மேலே. இந்த வீட்டில் பல் பிடுங்குகிற நாற்காலியில்தான் தூங்கினேன். சாய்த்துவிட்டால் சுகமாகத்தான் இருக்கிறது.

நீ இறங்கி வந்துவிடேன். லிஃப்டை விடு.

அக்கா


ஜூன் 20
லிஃப்ட் மோட்டார் அறை, மொட்டை மாடி

அக்கா,

முப்பது கிலோ அளவில் மறைத்திருப்பேன். அதைப் பிறகு பேசிக்கொள்வோம்.

வண்டி உன்னைத் தூக்கிக்கொண்டு போனதும் சும்மா நிற்க முடியாமல் இந்த அறையைத் திறந்தேன். பிறகு கூண்டு மாட்டியிருந்த இடத்துக்கு விளக்கோடு இறங்கிப் பார்த்தேன்.

லிஃப்ட் நின்றுவிட்டது என்று எழுதினாய்.

ஒவ்வொரு கூண்டுக்கும் அடியில் இரண்டு இரும்புத் தாடைகள் இருக்கும். சாதாரணமாக அவை ஒன்றும் செய்யாது. கூண்டு ஓட வேண்டிய வேகத்தை மீறினால் மட்டும் தண்டவாளத்தைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். சும்மா நின்ற லிஃப்ட் தண்டவாளத்தைக் கடிக்காது. இங்கே ஐந்தாவது மாடிக்குக் கீழே இரண்டு பக்கமும் இரும்பு செதில் செதிலாக உரிந்திருக்கிறது. மேலே கயிறுகள் தேய்ந்து பிரிந்து கிடக்கின்றன.

இது நிற்கவில்லை. விழுந்திருக்கிறது.

கூண்டுக்குள் தரையெல்லாம் வெள்ளைக் காலர்கள். தைத்து முடித்தவை, அடுக்கிக் கட்டினவை, கட்டு அவிழ்ந்து சிதறினவை.

உள்ளே யார் அக்கா இருந்தது?

தம்பி


ஜூன் 21

தம்பி,

நான்தான்.

காலர்களைக் கடையில் கொடுக்கக் கிளம்பினேன். கதவு மூடியது. மூன்று நாலு மாடி இறங்கியிருக்கும். தலைக்கு மேலே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

உன் காற்றுக்காரியிடம் கேள், ஏன் அப்படி ஆகிறது என்று. விழும்போது எடையே இல்லை தம்பி. பன்னிரண்டு கிலோ மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. கால் தரையில் படவில்லை. கையிலிருந்த காலர்கள் எழும்பி என் முகத்துக்கு நேரே மிதந்தன. ஒரு கணம்தான் இருக்கும். அடடா, எவ்வளவு லேசாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது சொல்ல. அப்புறம் கீழே ஏதோ ஒன்று வெறிபிடித்த மாதிரி கடித்தது. எல்லா எடையும் ஒன்றாகத் திரும்பி வந்து முழங்காலில் இறங்கியது. விளக்கு அணைந்துவிட்டது. கதவைப் பிளந்து என்னை வெளியே எடுக்கும்வரை இருட்டில் அந்தக் காலர்களைத் தடவித் தடவிப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்காதே. வெளியே இழுத்தபோது எல்லாம் மறுபடியும் கைநழுவிக் கொட்டிவிட்டது.

நீ அடுத்து என்ன கேட்பாய் என்று தெரியும். ‘நான் இருந்திருந்தா கயிறு தேயறதைப் பாத்திருப்பேனே?’ ஆமாம், பார்த்திருப்பாய். விழுந்திருக்காது. இந்தப் பதிலை உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இத்தனை மாதமும் வழுக்கையையும் வகிட்டையும் எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தத் தாடையை வருஷா வருஷம் கழற்றித் துடைத்து மாட்டியது யார்? புது ஆட்கள் அதைத் தொட்டதே இல்லை என்கிறார் அத்தான். கடித்தது நீ மாட்டினது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளாதே.

வண்டியில் ஏறப் பயமாக இருக்கவில்லை. சுற்றிலும் கண்ணாடி, வெளியே எல்லாம் தெரிந்தது. ஆனால் அந்தக் கூண்டில் மறுபடியும் ஏறமாட்டேன். கதவு மூடுகிற சத்தத்தை நினைத்தாலே எழுந்து ஜன்னலைத் திறந்துவைக்கிறேன். நீ எவ்வளவு நன்றாகச் சரிபண்ணினாலும் ஏறமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா


ஜூலை 3

தம்பி,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. இந்த வருஷம் இதுதான் முதல் தடவை. அத்தான் மட்டும் தினமும் வந்து சேதி சொன்னார்: “உன் தம்பி புதுக் கயிறு மாட்டிட்டான். இப்ப மணல் மூட்டைய ஏத்தி ஏத்தி இறக்கறான். மூட்டைக்கே தலை சுத்துது, அவன் நிறுத்தமாட்டேங்கறான்.” உங்கள் மேடமும் கூப்பிட்டார். மொட்டை மாடிகளைத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமாம், எப்போது திரும்புவாய் என்று கேட்டார். வருவான் என்றேன். உன்னைக் கேட்காமல்தான்.

இன்று காலையில் நீ கீழே வந்து நின்றாய். “வா” என்று கூப்பிடவில்லை. கூண்டைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாய். கதவை மூடவும் இல்லை. உனக்கு எதிரே நான் ஒரு மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பல் டாக்டரம்மாவிடம் வந்தவர்கள் எல்லாம் நம்மை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் எனக்கே எழுந்துகொள்ளத் தோன்றியது.

இப்போது உள்ளே இருக்கிறோம். கதவு மூடியாயிற்று. காலர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கையை எங்கேயாவது வைத்துக்கொள்ளாவிட்டால் கத்திவிடுவேன் போலிருக்கிறது. இடது கையை நீ பிடித்திருக்கிறாய். நீ என்னைப் பிடித்திருக்கிறாயா, நான் உன்னைப் பிடித்திருக்கிறேனா, தெரியவில்லை. எழுத்து ஆடுகிறது. லிஃப்ட் ஆடவில்லை, நான்தான்.

உன் கண் இறுக மூடியிருக்கிறது. நெற்றியெல்லாம் வியர்வை. இருபத்திரண்டு வருஷம் லிஃப்டில் இருந்தவன் இப்படியா உட்காருவான்? எங்கே தேய்கிறது, எங்கே முனகுகிறது என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் உன் விரல் இறுகுகிறது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை தம்பி. எண்ணெய் போட்ட மாதிரி போகிறது.

ஐந்தைத் தாண்டிவிட்டோம். உனக்குத் தெரியாது.

நின்றுவிட்டது. கதவு திறந்துவிட்டது. எதிரே அத்தான், படியில் ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்க நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். நீ இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. நான் முதலில் இறங்குகிறேன். நீ மெதுவாக வா.

அக்கா